விருந்தும் திருவிருந்தும்

விருந்து என்னும் சொல்லை மாணவர்க்கு மூன்று படிகளாக விளக்குவது என் வழக்கம். முதற்படியில் அது புதுமை என்னும் பண்பின் பெயர். தொல்காப்பியர் செய்யுளியலிலே புதிதாக யாக்கப்படும் செய்யுளுக்கு அப்பெயரை வழங்குகின்றார். இரண்டாம் படியில் அது புதியராய் நம் வாயிலில் வந்து நிற்பாரைக் குறிக்கும். மூன்றாம் படியிலேதான் அவர்க்கு நாம் இடும் உணவைக் குறிக்கும். 'ஆகவே, தம்பிமாரே, சோறு பிந்தியது. ஆள் முந்தியவன்' என்று முடிப்பேன். இதனை இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். கேட்டவர்கள் பரீட்சை எழுதி முடிந்த அன்றே மறந்துபோயிருப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன்.

சில வாரங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் பழைய மாணவர். கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளை; செபமும் பாட்டும் உபவாசமும் மிகுந்த ஒரு சுவிசேஷ சபையில் வளர்ந்தவர்; நல்ல குரல் உடையவர். தம் மனத்தின் ஈர்ப்பு ஆண்பாலார் மீதே செல்கின்றது என்பதை இருபத்திரண்டாம் வயதில் தம் போதகரிடம் தாமாகவே சென்று கூறினாராம். முதலில் பாடற்குழுவிலிருந்து நிறுத்தப்பட்டார். பின்னர்த் திருவிருந்தில் பங்குகொள்ள வேண்டாம் என்று சொல்லப்பட்டார். அதன் பின்னர் ஊரைவிட்டே போய்விட்டார். 'ஐயா, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு போன மாதம் இங்கே ஒரு சபையில் என்னைத் திருவிருந்துக்கு அழைத்தார்கள். அப்பத்தைக் கையில் வாங்கும்போது தாங்கள் சொல்லித் தந்த மூன்று படிகளும் நினைவுக்கு வந்தன. என் அம்மாவுக்கு இதை நான் எப்படி எழுதுவது?' என்று அக்கடிதம் முடிந்திருந்தது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பொழுது வேறொரு நாள் என் நினைவுக்கு வந்தது. அன்று நான் கிளவியாக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்ச்சொல் பற்றிய சூத்திரம் வந்தது. 'பேடி' என்ற சொல்லை உரைத்ததும் வகுப்பிற் சில தலைகள் ஒருபுறமாகத் திரும்பின, சிரிப்பு எழுந்தது. அவர்கள் திரும்பிப் பார்த்தது இந்தப் பிள்ளையை. நான் சிரிப்பை அடக்கவில்லை. நானும் சற்றே முறுவலித்துவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போனேன். அந்தச் சொல் வேறு, அவருடைய நிலை வேறு. அந்த வேறுபாட்டையாவது அன்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு; அதனை இறுதியிற் சொல்வேன்.

நான் கிறித்தவன் அல்லேன். பிறர் சமயத்தின் உள்வீட்டுச் செய்தியைப் பேச எனக்கு என்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்று சொற்களைத் தேர்ந்து கொடுத்தவர் ஆறுமுக நாவலர். தம் சமயத்தில் அணுவளவும் தளராதவர், பிறர் வேதத்தின் சொல்லுக்குத் தம் புலமையைக் கொடுத்தார். அந்த மரபில் மிகச் சிறியவனாகிய நானும் ஒரு சொல்லின் வழியாகவே இவ்விடயத்துக்குள் வருகின்றேன்.

சுவிசேஷ மரபினர் என இங்கு நான் குறிப்பது, ஆங்கிலத்தில் இவாஞ்சலிக்கல் எனப்படும் சீர்திருத்தக் கிறித்தவப் பிரிவினரை. வேதாகமமே முடிந்த முடிபு என்பது அவர் கொள்கை. ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் மனந்திரும்பி மறுபிறப்பு அடைதல் வேண்டும் என்பர். சிலுவையை நடுவில் வைப்பர். தாம் பெற்றதைப் பிறர்க்கு அறிவித்தலைத் தலைக்கடனாகக் கொள்வர். ஒருபாலீர்ப்புடையாரையும் திருநரையும் கடுமையாக விலக்கி வந்ததும் பெரும்பாலும் இம்மரபே. அவ்வாறிருக்க, இதே மரபின் உள்ளிருந்தே, இதே வேதாகமத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, விலக்கப்பட்டாரை வரவேற்கும் ஊழியங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றன. இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

இதனை விளங்கிக்கொள்ள ஒரு மாலைப்பொழுதைப் பார்த்தல் நன்று. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பேர்க் என்றொரு நகர். அங்கே பெருஞ்சபை ஒன்றை நடத்தி, பல்கலைக்கழகம் ஒன்றையும் தோற்றுவித்தவர் ஜெரி போல்வெல். ஒருபாலீர்ப்புடையாரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வன்சொல்லாற் சாடியவர். அவருடைய தன்வரலாற்றை அவருக்காக எழுதிக் கொடுத்தவர் மெல் வைற் என்பவர். பில்லி கிரகாம், பற் றொபேர்ட்சன் முதலிய பெரும் போதகர்க்கும் எழுதுகோலாக இருந்தவர். புல்லர் இறையியற் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். இந்த மெல் வைற் தம் ஈர்ப்பை மாற்றிக்கொள்ளச் செபித்தார், உபவாசமிருந்தார், உளமருத்துவரிடம் சென்றார், மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கும் பேயோட்டலுக்கும் உட்பட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. 1993 இல் தம் நிலையை வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டு தம் கதையை நூலாக்கினார். 1998 இல் சோல்போர்ஸ் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். காந்தியடிகளிடமும் மார்ட்டின் லூதர் கிங்கிடமும் கற்ற அகிம்சை வழியை, தம்மை ஒதுக்கிய சபைகளின் வாயிலிலே கைக்கொள்வது அதன் நோக்கம்.

1999 ஒக்ரோபரில் மெல் வைற் இருநூறு பேரோடு லிஞ்ச்பேர்க்குக்குச் சென்றார். போல்வெல் தம் பக்கத்தில் இருநூறு பேரைக் கூட்டியிருந்தார். வன்சொல் குறைப்போம் என்று இரு பக்கத்தாரும் உடன்பட்டனர். போல்வெல் தம் கடுஞ்சொற்கள் சிலவற்றுக்கு வருத்தமும் தெரிவித்தார். வந்தவர்க்கு உணவு இடுவதாக முதலில் ஏற்பாடு இருந்தது. ஆனால் பாவிகளோடு அப்பம் புசிப்பதை வேதாகமம் தடுக்கின்றது என்று போல்வெலின் அன்பர் சிலர் எதிர்ப்புக் காட்டவே, உணவு நின்றது. தண்ணீர் மட்டும் வைக்கப்பட்டது.

இருநூறு விருந்தினர் வந்திருக்கின்றனர், விருந்து இல்லை. சொல்லின் இரண்டாம் படி நின்றுவிட்டது. மூன்றாம் படிக்கு ஏற முடியவில்லை. போல்வெலை இகழ்வதற்காக இதனை நான் கூறவில்லை. அவர் காலத்தில் அவர் போன்றார் எவரும் அந்தக் கதவைத் திறந்தாரல்லர், அவர் திறந்தார். ஆனாலும் அந்தத் தண்ணீர்க் குப்பிகள் முழுச் சிக்கலையும் காட்டுகின்றன. பாவிகளையும் ஆயக்காரரையும் சேர்த்துக்கொண்டு பந்தியிருக்கிறார் என்பதே இயேசுநாதர் மேல் அவர் காலத்து வேதபாரகர் சாட்டிய குற்றம். அவரை ஆண்டவர் என்று கொண்டவர் பந்தியிலே, பந்திக்கு யார் உரியர் என்னும் வழக்கு இருபது நூற்றாண்டு கழித்தும் தீரவில்லை. போல்வெல் தம் கொள்கையை இறுதிவரை மாற்றவில்லை. மெல் வைற் தம் துணைவரோடு லிஞ்ச்பேர்க்கிலேயே, அந்தச் சபைக்கு எதிரே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஞாயிறுதோறும் அதே சபையில் ஆராதனைக்குச் சென்று அமர்ந்தார்.

இவ்வரலாற்றின் தொடக்கம் இதற்கு முப்பதாண்டு முந்தியது. ட்ரோய் பெரி என்பவர் 1940 இல் புளோரிடாவிற் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பிரசங்கத்துக்கு உரிமம் பெற்றவர். பின்னர்ப் பெந்தெகொஸ்தே சபையொன்றின் போதகர். தம் ஈர்ப்பு வெளிப்பட்டபோது சபையை இழந்தார். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார். 1968 ஒக்ரோபர் 6 ஆம் நாள், லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த ஹன்ரிங்ரன் பார்க்கில், தம் வீட்டு முன்னறையில் ஆராதனை ஒன்றை நடத்தினார். வந்தவர் பன்னிருவர். அன்று தொடங்கிய மெற்றோபொலிற்றன் சமூகச் சபை இன்று பல நாடுகளில் உள்ளது. காலப்போக்கில் அது பல மரபினரும் கூடும் பெருவீடாயிற்று. ஆயினும் வேர் பெந்தெகொஸ்தே முழங்காற்செபத்தில் உள்ளது. அதன் முதன்மையான வழக்கம் யாது எனின், வாரந்தோறும் திருவிருந்து. விரும்பி வரும் எவர்க்கும் அது மறுக்கப்படுவதில்லை.

அப்பந்திக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1973 சனவரியில் லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த அவர்களின் கோயிற் கட்டடம் எரிந்தது. அதே ஆண்டு யூன் 24 ஆம் நாள் நியூ ஓர்லியன்ஸ் நகரில், ஞாயிறு மாலை அவர்களில் பலர் கூடியிருந்த மாடி விடுதி ஒன்றுக்குத் தீ வைக்கப்பட்டது. முப்பத்திருவர் இறந்தனர், அவருள் அவ்வூர்ச் சபையின் போதகரும் ஒருவர். இறந்தார்க்கு நினைவாராதனை நடத்த இடம் கேட்டபோது பல கோயில்கள் கதவடைத்தன. தம் கோயிலில் சிறு செபக்கூட்டம் நடத்த இடம்கொடுத்த ஒரு குருவானவர் தம் ஆயரின் கண்டனத்துக்கு ஆளானார். இறுதியில் ஒரு மெதடிஸ்த கோயில் இடம் தந்தது. செத்த வீட்டுக்குப் போகாதிருத்தலைப் பெரும்பகைக்கு அடையாளமாகக் கொள்ளும் நம் ஊராருக்கு இதன் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெரி புதுச் சபை அமைத்தார். பழைய சபைகளுக்குள் இருந்தபடியே பேச வேண்டும் என்று எண்ணியவர் றால்ப் பிளேயர் என்னும் நியூயோர்க் உளச்சிகிச்சையாளர். 1975 இல் அவர் தொடங்கிய 'இவாஞ்சலிக்கல்ஸ் கன்சேண்ட்' என்னும் அமைப்பு, வேதாகமப் படிப்பையும் தோழமையையும் சிறுசிறு குழுக்களாக வளர்த்தது. 1978 இல் லீதா ஸ்கன்சோனி, வேர்ஜீனியா மொலன்கொற் என்னும் இரு பெண்மணிகள் ஒரு நூல் எழுதினர். ஒருபாலீர்ப்புடையவன் எனக்கு அயலானா என்னும் வினாவே அந்நூலின் பெயர். நல்ல சமாரியன் கதையை அறிந்தார்க்கு அவ்வினாவின் கூர்மை புரியும். மொலன்கொற் அம்மையார் இலக்கிய ஆசிரியை. மில்ரன் ஆய்வில் வல்லவர். சுவிசேஷ மரபினர் பெரிதும் போற்றும் புதிய ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு நடை ஆலோசகராகவும் இருந்தவர்.

இவர்கள் ஏன் தாராளக் கொள்கையுடைய வேறு சபைகளுக்குப் போகவில்லை? சமயத்தையே விட்டுவிடவும் அந்நாட்டில் தடையில்லையே? இவ்வினாவுக்கு விடை என் மாணவரின் கடிதத்திலேயே இருந்தது: 'ஐயா, நான் செபிக்கும் மொழி அது ஒன்றுதான்.' ஒருவன் தாய்மொழியை அவனுக்கு உரியதன்று என்று சொல்லிவிடுதல் எளிது. அவன் வேறு மொழி கற்றுப் பிழைத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் துன்பம் வந்த இரவிலே அவன் வாயில் எழுவது தாய்மொழியே. சிறுவயதில் மனனம் செய்த வசனமும், ஞாயிற்றுப் பள்ளியிற் கற்ற பாட்டும், முழங்காலில் நின்ற தாயின் குரலும் ஒருவனுடைய உள்ளே மொழியாகி விடுகின்றன. அவற்றை விடாது நிற்பேன் என்பாரைச் சமயப் பகைவர் என்றல் பொருந்தாது.

ஆனால் அவர்களை மாற்றிவிடலாம் என்று நம்பினாரும் உளர். 1976 இல் அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்ரர்நஷனல் என்னும் கூட்டமைப்பு எழுந்தது. செபத்தாலும் ஆலோசனையாலும் ஒருபாலீர்ப்பினின்றும் விடுதலை பெறலாம் என்பது அதன் வாக்கு. பிள்ளைகளின் நிலையறிந்து கலங்கிய பெற்றோர் பலர் அதனை நம்பினர். அதனைத் தொடங்கியவருள் ஒருவரே சில ஆண்டுகளில் விலகி, பின்னாளில் மன்னிப்பும் கேட்டார். 2012 சனவரியில் அதன் தலைவர் அலன் சேம்பர்ஸ், தாம் கண்டவருள் 99.9 விழுக்காட்டினர் தம் ஈர்ப்பில் மாற்றம் அடையவில்லை என்று பலரறியக் கூறினார். 2013 யூனில், விளைந்த துன்பங்களுக்கு மன்னிப்பு வேண்டி, அமைப்பையே மூடினர். இங்கிலாந்திலும் இவ்வாறே. 1988 இல் இதே நோக்கத்தோடு கறேஜ் என்னும் ஊழியத்தைத் தொடங்கிய ஜெரமி மார்க்ஸ், தம்மிடம் வந்தவர் மாறவில்லை, உடைந்தே போகின்றனர் என்பதைக் கண்டார். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊழியத்தின் போக்கையே திருப்பி, அவர்களை உள்ளவாறே ஏற்கும் ஊழியம் ஆக்கினார். தம் மருந்து பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வைத்தியர் அரியர். நோயாளியின் பத்தியக் குறைவே காரணம் என்று சொல்லித் தப்புவாரே மிகுதி.

இனி நூலுக்கு வருவோம். சுவிசேஷ மரபினர்க்கு வழக்கின் முடிவிடம் வேதாகமம். ஆதலால் சொல்லாராய்ச்சி அங்கே உயிர்ப்பிரச்சினை. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், தேவராச்சியத்தை அடையாதவர் எனச் சிலரை எண்ணிச் செல்கின்றார். அப்பட்டியலில் இரு கிரேக்கச் சொற்கள் உள. ஒன்று மலக்கொய், மென்மையானவர் என்பது அதன் நேர்ப்பொருள். மெல்லிய உடையைச் சுட்டவும் அச்சொல்லே சுவிசேஷத்தில் வருகின்றது. மற்றது அர்செனொகொயிற்றய், ஆண், படுக்கை என்னும் இரு சொற்களின் தொகை. பவுலுக்கு முன் அத்தொகையை எவரும் ஆண்டதாகச் சான்று கிடைக்கவில்லை.

முதலாவது சொல்லை லூதர் மென்மையர் என்னும் பொருள்படவும், இரண்டாவதைச் சிறுவரைக் கெடுப்பார் என்னும் பொருள்படவும் செருமனாக்கினார். 1611 ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் முதலாவதைப் பெண்தன்மையர் என்றது. நம்மவர் கையில் நெடுங்காலம் வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்போ அவ்விடத்திற் சுயபுணர்ச்சிக்காரர் என்று கூறுகின்றது. ஒரே சொல், மூன்று நாட்டில் மூன்று குற்றம்! 1946 இல் அமெரிக்கத் திருத்தப் பதிப்பு இரண்டு சொற்களையும் ஒன்றாக்கி, ஒருபாலீர்ப்புடையார் என்று பொருள்தரும் இக்காலத்து ஆங்கிலச் சொல்லை இட்டது. அன்றுதான் அச்சொல் ஆங்கில வேதாகமத்தில் முதன்முதலாக ஏறியது. 1971 இல் அப்பதிப்பாரே அதனை எடுத்துவிட்டு வேறு சொல் இட்டனர். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அது மேடைகளிலும் பிற மொழிபெயர்ப்புகளிலும் நிலைபெற்றுவிட்டது.

மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. அந்தத் தொகைச்சொல்லின் இரு உறுப்புகளும் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், லேவியராகமத்தின் தடைவிதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பவுல் அதனை மனங்கொண்டே சொல்லைப் புனைந்தார் என்பர் மரபுவழி அறிஞர். உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் முதலாம் அதிகாரத்தையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கன்சாஸ் மாநிலத்து மத்தியூ வைன்ஸ் என்னும் இளைஞர், கார்வாட் படிப்பை நிறுத்திவிட்டு இப்பகுதிகளையே ஈராண்டளவு ஆராய்ந்து, 2012 இல் தம் ஊராகிய விச்சிற்றாவில் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட விரிவுரை ஆற்றினார். வாழ்நாள் முழுதும் இணைந்து வாழும் இருவரின் அன்பைப் பவுல் அறிந்து பேசினாரா, அன்றி அக்காலத்து அளவிறந்த காமத்தையும் அடிமைச் சிறுவர்மேல் நிகழ்ந்த கொடுமையையும் பேசினாரா என்பதே அவர் எழுப்பிய வினா. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. 2013 இல் அவர் தொடங்கிய சீர்திருத்தத் திட்டம் என்னும் அமைப்பு, சபையார்க்கு இவ்வாறு நூலோடு வாதிடப் பயிற்சி அளிக்கின்றது.

மூலம் ஒன்று, உரை பல என்பதை நம் மாணவர்க்கு நாம் நாள்தோறும் கற்பிக்கின்றோம். ஒரு குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர். அதனால் குறள் குன்றவில்லை. பரிமேலழகரை மறுப்பவன் வள்ளுவரை மறுப்பவன் ஆகான். வைன்ஸ் போன்றார் தம் சபையாரிடம் கேட்பதும் இதுவே: எங்கள் உரையைத் தள்ளுக, எங்களை நூலின் பகைவர் என்று மட்டும் சொல்லாதீர்.

இவ்வூழியங்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஜஸ்ரின் லீ என்பவர் 2001 இல் தொடங்கியது. தென்மாநிலப் பப்ரிஸ்த குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். அவ்வமைப்பு அண்மைக்காலமாகக் கியூ கிறித்தவத் தோழமை என்னும் பெயரால் வழங்குகின்றது. அங்கே 'ஏ' பக்கத்தார், 'பி' பக்கத்தார் என இரு சாரார் உளர். ஒருபால் இணையரின் வாழ்வையும் கடவுள் ஆசீர்வதிப்பார் என்பவர் முதலாவது சாரார். ஈர்ப்பு குற்றமன்று, ஆயினும் துறவொழுக்கமே தமக்கு விதித்த நெறி என்பவர் இரண்டாவது சாரார். கொள்கையில் இவ்விரு சாரார்க்கும் இடையில் உள்ள தூரம் சிறிதன்று. ஒருவர் உரை சரியாயின் மற்றவர் வாழ்வையே அது தொடுகின்றது. இருந்தும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பாடினர். ஒருவர்க்காக ஒருவர் செபித்தனர். மாற்றச் சிகிச்சை பலிக்கவில்லை என்று அலன் சேம்பர்ஸ் சொன்னதும் அவர்களுடைய மாநாட்டு மேடையிலேதான். முடிவு கண்டபின் பந்தி என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பந்தியில் இருந்துகொண்டே முடிவைத் தேடினர்.

பிற சபைகள் இவ்வாறு செய்யத் தயங்குவதற்குக் கொள்கை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. 2014 மார்ச் 24 ஆம் நாள், இலங்கையிலும் நெடுங்காலம் பணிபுரிந்து வரும் வேர்ல்ட் விஷன் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு, சட்டப்படி மணந்த ஒருபாலிணையரையும் இனிப் பணிக்கு அமர்த்தலாம் என அறிவித்தது. இரண்டே நாளில் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறக்குறைய பதினாயிரம் பிள்ளைகளுக்கான மாத உதவி நிறுத்தப்பட்டிருந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பணிபுரியக் கூடாது என்பதற்காக, ஏதுமறியாத ஏழைப் பிள்ளையின் பாற்காசு நின்றது. 2015 இல் நாஷ்வில் நகரத்துச் சபையொன்று எல்லாரையும் முழுமையாக ஏற்பதென அறிவித்தபோதும் வருகையும் காணிக்கையும் பெரிதும் குறைந்தன. இங்கிலாந்தில் ஸ்ரீவ் சோக் என்னும் புகழ்பெற்ற பப்ரிஸ்த போதகர் 2013 இல் ஏற்பின் பக்கம் பேசினார். அடுத்த ஆண்டு அவர் நிறுவிய ஒயேசிஸ் அறநிலையம் சுவிசேஷக் கூட்டணியிலிருந்து நீக்கப்பட்டது. இவற்றைக் கண்ட போதகர்கள், மனத்தில் ஒன்றும் மேடையில் ஒன்றுமாக இருப்பதில் வியப்பில்லை.

வாயிலில் 'எல்லோரும் வருக' என்று பலகை எழுதிவிட்டு, பாடவும் கற்பிக்கவும் உறுப்பினர் ஆகவும் முயலும்போது 'அது உமக்கு இல்லை' என்பது இன்று பல சபைகளின் நிலை. ஒருவர் தம் நட்பையும் காணிக்கையையும் நம்பிக்கையையும் ஈராண்டு மூன்றாண்டு அங்கே செலுத்திய பிறகே இதனை அறிகின்றார். தம் கொள்கை இன்னதென்று சபைகள் தெளிவாகச் சொல்லல் வேண்டும் எனக் கேட்பதற்கென்றே 2017 இல் அமெரிக்காவில் ஓர் இயக்கம் தோன்றியது. அதன் கோரிக்கை நேரியது: ஏற்பீராயின் ஏற்போம் என்க, ஏலீராயின் ஏலோம் என்க. வரவேற்பு என்னும் தமிழ்ச்சொல் வரவும் ஏற்பும் கூடிய சொல். வரவை மட்டும் ஏற்றுக்கொண்டு வந்தவரை ஏலாது விடுதல் அச்சொல்லைப் பாதியில் முறித்தல் ஆகும்.

இஃது அமெரிக்கர்க்கே உரிய வழக்கு என்று நம்மவர் ஒதுக்கிவிடவும் ஆகாது. நற்செய்தி அறிவித்தலை, பசித்தவன் ஒருவன் பசித்த இன்னொருவனுக்கு உணவுள்ள இடத்தைக் காட்டுவதற்கு ஒப்பிட்டவர் தெல்லிப்பழையிற் பிறந்த டி. ரி. நைல்ஸ் போதகர். உலகெங்கும் சுவிசேஷ மேடைகளில் இன்றும் அவ்வுவமை வழங்குகின்றது. சொல்பவனும் பசித்தவனே; உணவு அவனுடையதன்று; ஆதலால் யாருக்கு இடலாம், யாருக்கு மறுக்கலாம் என்னும் அதிகாரமும் அவனுக்கு இல்லை. அவர் முதற் பொதுச் செயலாளராக இருந்து வளர்த்த கிழக்காசியக் கிறித்தவ மாநாடு, பின்னர் ஆசியக் கிறித்தவ மாநாடு ஆயிற்று. 1973 முதல் அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் யாப் கிம் ஹாவ். மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்த சபையின் முதல் ஆசிய ஆயர். ஓய்வுபெற்ற முதுமையில், உலகம் தரக்கூடிய மதிப்பெல்லாம் பெற்ற பிறகு, அவர் சிங்கப்பூரின் பிறீ கம்யூனிற்றி சபைக்குப் போதக ஆலோசகராகச் சென்றார். பிற சபைகளில் வளர்ந்து, அங்கே இடமின்றிப் போன ஒருபாலீர்ப்புடையோர் பலர் கூடும் சபை அது. 2017 இல் இறக்கும்வரை அவர்களோடு நின்றார். நைல்ஸின் உவமையை அவர் தம் நடையிற் செய்து காட்டினார் என்றே நான் கொள்கின்றேன்.

இனி, நான் இறுதியிற் சொல்வதாக விட்டு வைத்த பிழை. நான் முறுவலித்துக் கடந்துபோன அந்தச் சூத்திரம் என்ன சொல்கின்றது? ஆண்மை திரிந்தார்க்குத் தமக்கென ஒரு சொல்லீறு இல்லை. ஆயினும் அவர் உயர்திணையைச் சார்ந்தவர். உயர்திணை ஈறுகளையே கொள்வர் என்கின்றது. பிற்காலத்து நன்னூலார் அஃறிணைபோல வழங்கலுக்கும் இடம்கொடுத்தார். தொல்காப்பியர் அந்த வாயிலைத் திறக்கவில்லை. வகுத்த இருபாற் சட்டகத்துள் அடங்காதாரைக் கண்டபோது, சட்டகத்துக்காக மனிதரைக் கீழே தள்ளாமல், முதலில் திணையைக் காத்தார். பாலைப் பின்னர்ப் பார்த்தார். இத்தனை பெரிய நீதியைச் சொல்லும் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு பிள்ளையைப் பார்த்து வகுப்புச் சிரிக்க நான் இடங்கொடுத்தேன். அவர் போதகர் திருவிருந்தை மறுத்ததற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, என் வகுப்பறையில் அவருக்கு ஒரு பந்தி மறுக்கப்பட்டுவிட்டது.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லத்தக்கது இவ்வளவே. சமயக் கொள்கையைத் தீர்ப்பது நம் தொழிலன்று. அதை அவரவர் சபையும் மனச்சாட்சியும் தீர்க்கட்டும். ஆனால் நம் முன் வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை எந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிகின்றது என்பதைப் பார்ப்பது நம் தொழில். அந்தச் சிரிப்பை அடக்குவதற்குத் துணிவுகூட வேண்டியதில்லை. கவனம் இருந்தால் போதும்.

மாணவருக்கு மறுமொழி எழுதினேன். முதலில் அந்த நாளுக்காக மன்னிப்புக் கேட்டேன். பின் அவர் கேட்ட வினாவுக்கு வந்தேன். 'தம்பி, அம்மாவுக்குக் கொள்கை எதுவும் எழுத வேண்டாம். அப்பம் வாங்கினேன் என்று எழுதும். உம்மை முதன்முதலில் அந்தப் பந்திக்குக் கைபிடித்துக் கூட்டிச் சென்றவர் அவர்தானே. மகன் மீண்டும் செபிக்கின்றான், மீண்டும் பாடுகின்றான் என்பதை முதலில் அவர் அறியட்டும். மற்றவை மெல்ல மெல்ல வரும்' என்று எழுதி, உறையை ஒட்டினேன். அவர் தாயாரின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு கட்டைத் தூரத்தில் உள்ளது. அழைத்தால் போய்ப் பேசவும் ஆயத்தமாக இருக்கின்றேன் என்பதை அடியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கின்றேன்.